ஓஸ்ட்ரோமின் ஆய்வை நாங்கள் சந்தித்த இடங்கள்

கட்டுப்பாட்டுப் பொறியியல் பேராசிரியர் ஓஸ்ட்ரோமின் ஆய்வு எங்கள் மூவரின் வேலைக்குள் வந்த கதைகள் இவை. காகித ஆலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கருவியியல் பொறியாளராக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உலர்த்தும் உருளைகளுக்குப் போகும் நீராவியின் அழுத்தத்தை நிலையாக வைக்கும்படி வால்வைத் தானே திறந்து மூடும் பிஐடி கன்ட்ரோலரைச் சரிசெய்யும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். மாற்ற வேண்டியவை மூன்றே எண்கள்தான். அந்த மூன்று எண்களுக்காக இரண்டு இரவுப்பணி முழுவதும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தேன். 1942இல் ஸீக்லரும் நிக்கல்ஸும் வகுத்த முறைப்படி, பிழைக்கு எவ்வளவு வலுவாகப் பதில் தருவது என்பதைச் சொல்லும் எண்ணான கெயினைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போய், அழுத்தம் ஓயாமல் அலையத் தொடங்கும் விளிம்பைக் கண்டறிய வேண்டும். விளிம்பைத் தாண்டிவிட்டால் அலைவு பெருகிக்கொண்டே போகும். அன்று நான் தாண்டிவிட்டேன்; ஓடிக்கொண்டிருந்த காகிதம் அறுந்தது.

மறுநாள் மூத்த பொறியாளர் ஒருவர் என்னைக் கடிந்துகொள்ளாமல், புதிதாக வந்திருந்த ஒரு கன்ட்ரோலரில் ஆட்டோ ட்யூன் பொத்தானை அழுத்திக் காட்டினார். வால்வு சற்றே திறப்பதும் சற்றே மூடுவதுமாக மாறி மாறி இயங்கியது. அழுத்தம் சிறிய அளவில் மூன்று நான்கு முறை ஏறி இறங்கியது. திரையில் மூன்று எண்களும் வந்துவிட்டன. அதன் பின்னாலிருந்த வழிமுறையைத் தேடிப் படித்தபோதுதான், ஸ்வீடனின் லுண்ட் நகரில் பணியாற்றிய கார்ல் யோஹான் ஓஸ்ட்ரோமும் டோரே ஹெக்லண்டும் 1984இல் வெளியிட்ட கட்டுரை என் கைக்கு வந்தது.

அவர்கள் செய்தது இதுதான்: கன்ட்ரோலரைச் சிறிது நேரம் விலக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரிலேயை வைத்தார்கள். அளவு குறைந்தால் வால்வை இவ்வளவு திற, கூடினால் இவ்வளவு மூடு என்பதற்கு மேல் ரிலேக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் பெரும்பாலான செயல்முறைகள் அதன் பிடியில் தமக்குரிய காலத்தில் சீராக அலையத் தொடங்குகின்றன. ரிலேயின் வீச்சு 5 சதவீதம், அழுத்தத்தின் அலைவு வீச்சு 2 சதவீதம் என்றால், 4ஐ 5ஆல் பெருக்கி, பை (π) என்ற மாறிலியையும் 2ஐயும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க, நான் இரவெல்லாம் தேடிய விளிம்புக் கெயின் ஏறத்தாழ 3.2 என்று கிடைத்துவிடுகிறது. ரிலேயின் வீச்சை நாமே முடிவு செய்வதால் அலைவு கட்டுமீறிப் போவதில்லை.

உயர்கணிதத்தில் ஊறிய ஒரு பேராசிரியர் இத்தனை எளிய கருவிக்காக ஏன் மெனக்கெட்டார் என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. 1934இல் பிறந்த ஓஸ்ட்ரோம், 1960இல் ஸ்டாக்ஹோமில் முனைவர் பட்டம் பெற்றபின் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்து, பில்லெருட் நிறுவனத்தின் காகித ஆலையைக் கணினியால் கட்டுப்படுத்தும் திட்டத்தில் உழைத்தவர் என்று அறிந்தபோது விடை கிடைத்தது. நாங்கள் நாள்தோறும் போராடிய அதே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை கிராமில்) ஏற்ற இறக்கத்தோடுதான் அவரும் போராடியிருக்கிறார். ஏற்ற இறக்கம் குறைந்தால் இலக்கைக் கீழெல்லைக்கு அருகே வைக்கலாம். அந்த அளவுக்கு நார் மிச்சமாகும். இந்தத் தேவையிலிருந்துதான் அவருடைய ஏற்ற இறக்கத்தை முடிந்தவரை குறைக்கும் குறைந்தபட்ச மாறுபாட்டுக் கட்டுப்பாடு பிறந்தது. 1965இல் அவர் லுண்டில் பேராசிரியரானார். 1973இல் சக ஆய்வாளர் விட்டன்மார்க்குடன் சேர்ந்து, தன் எண்களைத் தானே திருத்திக்கொள்ளும் கன்ட்ரோலரைப் பற்றி எழுதினார். 1993இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇயின் மிக உயர்ந்த பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. காகிதம் அறுந்த அந்த இரவை நினைக்கும்போது, அந்தப் பதக்கத்தில் எங்களைப் போன்றவர்களின் நன்றியும் சேர்ந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

*

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தைப் படித்ததும் என் ரோபாட்டிக்ஸ் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. டோக்கியோவைச் சேர்ந்த ஆய்வாளர் கட்சுஹிசா ஃபுருட்டா 1992இல் அறிமுகப்படுத்திய சுழல் ஊசலை நாங்களே செய்துவைத்திருந்தோம். மோட்டாரால் கிடைமட்டமாகச் சுழலும் ஒரு கை, அதன் நுனியில் தடையின்றி ஆடும் ஒரு தண்டு. அந்தத் தண்டைத் தலைகீழாக நிற்க வைக்க வேண்டும். ஏறக்குறைய நிமிர்ந்துவிட்ட தண்டை விழாமல் பிடிப்பது மாணவர்களுக்கு விரைவில் கைவந்தது. தொங்கும் நிலையிலிருந்து அதை மேலே கொண்டுவருவதுதான் முடியவில்லை. எத்தனை விநாடிக்கு எந்தப் பக்கம் சுழற்றுவது என்று ஓர் அட்டவணை போட்டு ஒருவாறு எழுப்பினார்கள். பேரிங்குக்கு எண்ணெய் விட்ட மறுநாளே அந்த அட்டவணை பயனற்றுப் போனது.

ஓஸ்ட்ரோமும் ஃபுருட்டாவும் 2000இல் சேர்ந்து எழுதிய கட்டுரை எங்கள் பார்வையையே மாற்றியது. தண்டின் கோணத்தைத் துரத்தாதீர்கள், அதன் ஆற்றலைக் கவனியுங்கள் என்பதே அதன் சாரம். நிமிர்ந்து நிற்கத் தேவையான ஆற்றலை விடக் குறைவாக இருக்கும்வரை, ஊசல் ஆடும் திசைக்கேற்ப அதற்கு ஆற்றல் சேரும்படி கையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உரிய அளவை எட்டியதும், தண்டை நிமிர்ந்த நிலையில் பிடித்துவைக்கும் கன்ட்ரோலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எத்தனை ஆட்டத்தில் எழும் என்பதை, தண்டு மாட்டியிருக்கும் முனைக்குக் கிடைக்கும் பெரும முடுக்கத்துக்கும் புவியீர்ப்பு முடுக்கத்துக்கும் உள்ள விகிதம் முடிவு செய்கிறது. எங்கள் மோட்டார் வலுவற்றது. ஏழாவது ஆட்டத்தில் தண்டு மெதுவாக உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது. ஊஞ்சலில் உந்தி ஆடும் குழந்தை செய்வதும் இதைத்தானே என்று ஒரு மாணவி சொன்னாள். நான் பாடத்தில் அந்த உவமையைச் சொல்லியிருக்கவில்லை.

*

என் அனுபவம் சிறியது. ஓஸ்ட்ரோம் சக ஆய்வாளர்களான கிளைனோடும் லென்னார்ட்சனோடும் 2005இல் எழுதிய சைக்கிள் கட்டுரையைப் படித்துவிட்டு, பின்சக்கரத்தால் திரும்பும் சைக்கிள் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்வித்தேன். அதில் ஹேண்டிலைத் திருப்பினால், நாம் நினைத்த பக்கத்துக்கு முதலில் எதிராகச் சாய்ந்த பிறகுதான் வண்டி நம் பேச்சைக் கேட்கும், அதற்குள் விழுந்துவிடுகிறோம். எந்தச் சிறந்த கன்ட்ரோலராலும் மீற முடியாத வரம்பு எந்திரத்தின் வடிவத்திலேயே இருக்கலாம் என்பதைப் பல பருவங்கள் கரும்பலகையில் எழுதியும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. இப்போதெல்லாம் சமன்பாட்டை எழுதுவதற்கு முன், மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போய் அந்த சைக்கிளில் ஏறச் சொல்கிறேன்.