15 ஆயிரத்துக்குள்ள வீட்டுக்கு எஸ்பிரெஸோ மிஷின், எது வாங்கலாம்? (வேலூர்)

சத்துவாச்சாரி_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு எஸ்பிரெஸோ மிஷின் வாங்கலாம்னு இருக்கேன், பட்ஜெட் 15 ஆயிரம், ரொம்ப இழுத்தா 18. பெங்களூர்ல வேலை பாத்தப்ப ஆபீஸ் கீழயே ஒரு கஃபே, தெனம் ஒரு கப்புசினோன்னு பழகிப் போச்சு. இப்ப வொர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்கே வந்துட்டேன். இங்க அந்த மாதிரி குடிக்கணும்னா வண்டிய எடுத்துக்கினு காட்பாடி பக்கம் போவணும், நம்மூர் வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு அது நடக்கற காரியமா சொல்லுங்க.

ஆன்லைன்ல பாத்தா தலை சுத்துது. அஞ்சாறு ஆயிரத்துக்கு கண்ணாடி ஜாடி வச்சது ஒன்னு, அதுலயும் எஸ்பிரெஸோன்னு தான் போட்டிருக்கான். பத்தாயிரம் கிட்ட 15 பார் பிரஷர்னு போட்டு நாலஞ்சு கம்பெனி, இன்னொருத்தன் 20 பார்ங்கறான். டிலாங்கி டெடிகா நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அது என் பட்ஜெட்ட தாண்டிடுது.

என் சந்தேகம் இதான்: 20 பார்னா 15 பார விட பெட்டரா? எங்கூட்டுல லாங் பஜார்ல வாங்கற 70:30 சிக்கரி பொடி, அதையே மிஷின்ல போட்டா ஆவுமா? அப்புறம் தண்ணி. எங்க தெருவுல போர் தண்ணி, கெட்டில்ல ஒரு வாரம் கொதிக்க வச்சா அடியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுது. மிஷின் தாங்குமா? எங்கப்பா வேற "பில்டர் இருக்கும்போது இது எதுக்குடா துட்டுக்குப் புடிச்ச கேடு"ன்னு கேட்டுக்கினே இருக்காரு, அவருக்கும் ஒரு பதில் வேணும்.

ஆம்பூர்_டிகாக்ஷன்:

தம்பி, மொதல்ல அந்த அஞ்சாயிரம் ரூபா ஜாடி மிஷின லிஸ்ட்லேர்ந்து தூக்கு. அதுல பம்ப் கெடையாது. உள்ள தண்ணி கொதிச்சு ஆவி கட்டி அந்த ஆவி தான் தண்ணிய தள்ளுது, பிரஷர் ஏதோ ரெண்டு மூணு பார் வந்தா பெருசு. எஸ்பிரெஸோவுக்கு 9 பார் வேணும், தண்ணி சூடு 90லேர்ந்து 96 டிகிரிக்குள்ள இருக்கணும். இதுல கொதிக்கற தண்ணியே பொடி மேல வுழுவுது, கசப்பு அடிக்கும். இத்தாலிலயே 1948ல கேஜியா கம்பெனி கைப்புடிய இழுத்து அழுத்தற லீவர் மிஷின் கொண்டாந்தப்புறம் தான் கப்பு மேல க்ரீமாங்கற அந்த கெட்டி நுரையே வந்துச்சு, அதுக்கு முன்னாடி வெறும் ஆவில ஓட்டுன மிஷின்ல அது கெடையாது. நீ அஞ்சாயிரம் குடுத்து அந்தக் காலத்துக்குப் போவணுமா?

15 பார், 20 பார் எல்லாம் அந்த பம்ப் அதிகபட்சம் எவ்ளோ தள்ளும்னு சொல்ற கணக்கு. காபி பொடி மேல வேண்டியது 9 தான். நல்ல மிஷின்ல உள்ள ஒரு வால்வு வச்சு அதிகமா வர்றத வெளிய விட்டுடுவான், சீப் மிஷின்ல அதும் இருக்காது. அதனால 20ன்னு பாத்து ரெண்டாயிரம் எக்ஸ்ட்ரா குடுக்காத.

இன்னொரு விஷயம், இத எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். பத்தாயிரம் ரூபா மிஷின்ல கூட வர்ற பாஸ்கெட்ட, அதான் பொடி போடற ஓட்டக் கிண்ணத்த, திருப்பிப் பாரு. உள்பக்கம் நெறைய ஓட்ட இருக்கும், வெளிப்பக்கம் ஊசி முனை மாதிரி ஒரே ஒரு ஓட்ட. அது தான் டபுள் வால் பாஸ்கெட். பொடி எப்படி இருந்தாலும் அந்த ஒத்த ஓட்ட பிரஷர கட்டி நுரைய கெளப்பி வுடும். பாக்க க்ரீமா மாதிரியே இருக்கும், வாயில வச்சா சோப்பு நுர மாதிரி ஒன்னுமில்லாம போயிடும். நெசமான எஸ்பிரெஸோ வேணும்னா அந்த ஒத்த ஓட்ட அடுக்கு இல்லாத சிங்கிள் வால் பாஸ்கெட் வேணும், அதுக்கு பொடி ரொம்ப நைசா, ஒரே சீரா இருக்கணும், அதுக்கு கிரைண்டர் வேணும். மிக்ஸில அடிச்சா பாதி மாவு பாதி ரவை, தண்ணி சந்து பாத்து ஓடிப் போயிடும்.

ஆக உன் 15 ஆயிரத்துல பாதி கிரைண்டருக்குப் போவணும். மிஷின் சுமாரா இருந்து கிரைண்டர் நல்லாருந்தா காபி நல்லாருக்கும், மாத்தி வாங்குனா ஆவாது. கையால சுத்தற கிரைண்டர் போதும், ஆனா வாங்கும்போது எஸ்பிரெஸோவுக்கு ஆவுமான்னு பாத்து வாங்கு. டைம்மோர் சி2ல ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவுல இடைவெளி அதிகம், ஒன்னுல ஓடிடும் அடுத்ததுல அடச்சிக்கும். அதே கம்பெனில சி3 இஎஸ்பின்னு ஒன்னு இருக்கு, அதுல நைசா அட்ஜஸ்ட் பண்ணலாம்.

சிக்கரி பத்தி: போடாதப்பா. சிக்கரி தண்ணிய இழுத்து வச்சிக்கும், பில்டர்ல அது நல்லது, டிகாக்ஷன் மெதுவா கெட்டியா எறங்கும். மிஷின்ல அந்த கொழகொழப்பு பாஸ்கெட்ட அடச்சிடும்.

ஆரணி_பட்டு:

ஆம்பூர் அண்ணன் சொன்னது எல்லாம் கரெக்ட், ஆனா எனக்கு ஒரு டவுட்டு. கேட்டவரு கப்புசினோ தான கேக்கறாரு, வெறும் எஸ்பிரெஸோ சின்ன கப்ல குடிக்கறேன்னு எங்கயும் சொல்லலியே? 150 மில்லி பால் ஊத்தப் போறவருக்கு 9 பாருக்கும் 2 பாருக்கும் எவ்ளோ வித்தியாசம் தெரிஞ்சிடும். எங்க வூட்ல மோகா பாட் தான், அடுப்புல வச்சு ஆவியால காபி எறக்கற பாத்திரம். பியாலெட்டி 1933ல பண்ண அதே டிசைன், மூணு பார்ட்டு, ரிப்பேர் ஆவறதுக்கே ஒன்னுமில்ல, ரப்பர் வளையம் மட்டும் எப்பவாவது மாத்தணும். சிக்கரி இல்லாத பொடி போட்டு, கீழ சுடுதண்ணியே ஊத்தி, சின்ன தீயில வச்சு, மேல கொரகொரன்னு சத்தம் வர ஆரம்பிக்கும்போதே எறக்கிடணும், வுட்டா தீஞ்ச வாடை வரும். பால் நுரைக்க பிரெஞ்ச் பிரஸ் (வலைத் தட்ட மேலேர்ந்து அழுத்தற காபி ஜாடி) இருந்தா அதுல சூடான பால ஊத்தி மேலயும் கீழயும் நாலு இடி, பட்டு மாதிரி வரும். மொத்தமும் அஞ்சாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும், மிச்ச காசுக்கு குடும்பத்தோட ஏலகிரி போய்ட்டு வரலாம்.

இண்டக்ஷன் அடுப்பு மட்டும்னா அலுமினியம் பாட் வேலை செய்யாது, ஸ்டீல்ல வாங்கணும்.

ஆம்பூர்_டிகாக்ஷன்:

ஆரணி, பால்ல தெரியாதுன்னு யார் சொன்னா. நல்ல ஷாட்டு, அதான் மிஷின்ல ஒரு தடவ எறக்கற எஸ்பிரெஸோ, கெட்டியா பாகு மாதிரி இருக்கும், பால் ஊத்துனாலும் காபி மேல நிக்கும். மோகா நல்லது தான், இல்லைங்கல, ஆனா அது வேற காபி. கஃபேல குடிச்ச நாக்கு அத ஒத்துக்காது.

சத்துவாச்சாரி_வாசி:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஆரணி ப்ரோ, மோகா பெங்களூர் ரூம்ல ஃப்ரெண்டுகிட்ட இருந்துச்சு, குடிச்சிருக்கேன், நல்லாருக்கும், ஆனா எனக்கு அந்த மிஷின் காபி தான் வேணும், கொஞ்சம் கிறுக்கு தான். காலைல பால் இல்லாமலும் ஒன்னு குடிப்பேன். ஒரு கேள்வி: மிஷினும் கிரைண்டரும் ஒரே மாசத்துல முடியாது. எது மொதல்ல?

காட்பாடி_அக்கா:

தம்பி, எங்க வீட்ல பத்தாயிரம் ரேஞ்சு 15 பார் மிஷின் தான் ஓடுது, அதனால கொஞ்சம் நடைமுறைய சொல்றேன்.

மொதல்ல மிஷினே வாங்கிக்கோ. கிரைண்டர் வர்ற வரைக்கும் அந்த டபுள் வால் பாஸ்கெட் தான் உனக்கு கை குடுக்கும், ஆம்பூர்க்காரர் திட்டுனாலும் பரவால்ல. வழக்கமா பொடி அரைக்கற கடைலயே சிக்கரி இல்லாம பியூரா, பீபெரி, பிளான்டேஷன் ஏ-ன்னு ரெண்டு வகை கொட்டையும் பாதிப் பாதி, பில்டருக்கு அரைக்கறத விட ஒரு சுத்து நைசா அரைச்சுக் குடுங்கன்னு கேளு. 100 கிராம் மட்டும் வாங்கு, அரைச்ச பொடி சீக்கிரம் வாசன போயிடும். கால் கிலோ வாங்கி டப்பால வச்சா கடைசி பாதி வீண் தான். ரொம்ப லைட்டா வறுத்த கொட்டை இந்த மிஷினுக்கு ஒத்து வராது, புளிக்கும். மீடியமோ மீடியம் டார்க்கோ வறுத்தது வாங்கு.

அப்புறம் கிரைண்டர் வந்ததும் சிங்கிள் வால் பாஸ்கெட் தனியா வாங்கிக்கலாம், ஆனா உன் மிஷின் பாஸ்கெட் அகலம் 51 மில்லிமீட்டரா 58ஆன்னு பாத்து வாங்கு, இந்த ரேஞ்சுல பெரும்பாலும் 51 தான். பொடிய அழுத்த கூட வர்ற பிளாஸ்டிக் கரண்டி டேம்பர் வேஸ்ட், அதே சைஸ்ல இரும்புல ஒன்னு வாங்கு. 0.1 கிராம் காட்டற சின்ன தராசு ஒன்னு கட்டாயம் வேணும். 16 கிராம் பொடி போட்டா கப்புல 32 கிராம் காபி, 25லேர்ந்து 30 செகண்டுக்குள்ள எறங்கணும். பத்து செகண்டுல கொட்டிட்டா இன்னும் நைசா அரை, சொட்டு சொட்டா ஒழுவுனா கொஞ்சம் கொரகொரப்பா அரை. ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்து. பொடி அளவையும் அரைக்கறதையும் சேத்து மாத்துனா எதனால நல்லா வந்துச்சுன்னே தெரியாது.

தண்ணி தான் முக்கியம், வேலூர்ல இருந்துக்கினு அதப் பத்தி பேசாம மிஷின் வாங்கக் கூடாது. போர் தண்ணிய ஊத்தவே ஊத்தாதே. தண்ணிய சூடு பண்ற குழாய் உள்ள ரொம்ப சின்னது, உன் கெட்டில்ல படியற அதே சுண்ணாம்பு அங்க படிஞ்சா அடச்சிக்கும். கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊத்து. ஆனா ஆர்ஓவ ரொம்ப இறுக்கி டிடிஎஸ்ஸ, அதான் தண்ணில கரைஞ்ச உப்போட அளவ, 20, 30க்கு கொண்டு போயிட்டா காபி சப்புன்னு இருக்கும், ருசிய இழுக்கவும் தண்ணில கொஞ்சம் உப்புச்சத்து வேணும். 75லேர்ந்து 150 வரைக்கும் இருந்தா நல்லது. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபா தான், வாங்கி ஒரு தடவ கேன் தண்ணிய அளந்து பாரு. அது எல்லா உப்பையும் சேத்து தான் காட்டும், படியறது கால்சியமும் மெக்னீசியமும், அதனால நம்பர் கொறச்சலா இருந்தாலும் கெட்டில் அடிய ஒரு கண்ணு பாத்துக்கோ. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ மளிகை கடைல கெடைக்கற எலுமிச்சை உப்ப வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு ஓட்டி, அப்புறம் ரெண்டு டேங்க் நல்ல தண்ணி ஓட்டி கழுவிடு. மேனுவல்ல வேற மாதிரி சொல்லியிருந்தா அதையே செய். வினிகர் வேணாம், அந்த வாடை ஒரு வாரம் போவாது.

பால். இதுல தான் எங்க மாமியாருக்கும் எனக்கும் சண்டை. பாக்கெட் பால காய்ச்சாம ஊத்தறியேன்னு கேப்பாங்க. பாக்கெட் பால் பாஸ்ச்சுரைஸ் பண்ணது தான், ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து நேரா ஸ்டீம் பண்ணலாம். காய்ச்சி ஆற வச்ச பால்னா ஆடை ஸ்டீம் குழாய் ஓட்டைல போய் ஒட்டிக்கும், நுரையும் சரியா வராது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதம் கொழுப்பு, கெட்டியா வரும். நீலம் 3 சதவீதம், நுரை நெறைய வரும் ஆனா வாயில நிக்காது. குழாய் முனை பால் மேல்மட்டத்துக்கு சும்மா கீழ இருக்கணும், காகிதம் கிழியற மாதிரி சத்தம் நாலஞ்சு செகண்டு, அப்புறம் உள்ள அழுத்தி பால சுத்த வுடு. கிண்ணத்த கையால புடிக்க முடியலன்னா நிறுத்திடு, அப்ப 60 டிகிரி சுமாரா வந்திருக்கும். பொங்க வைக்கற பழக்கத்த இங்க மறந்துடணும். ஒடனே ஈரத்துணில குழாய தொடச்சு ஒரு செகண்டு ஆவி வுடு, காஞ்சா சொரண்டி தான் எடுக்கணும்.

ஸ்டீம் பண்ணவுடனே அடுத்த ஷாட் போடாத, மிஷின் ரொம்ப சூடா இருக்கும், காபி தீஞ்ச மாதிரி வரும். கொஞ்சம் வெறும் தண்ணி வுட்டு சூட்ட எறக்கு. இந்த விலைல ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல செய்யாது, விருந்தாளி ஆறு பேர் வந்தா பில்டர் காபியே போட்டுடு. அப்பாவுக்கும் அதையே சொல்லு, பில்டர் எங்கயும் போவலன்னு. அவரு பில்டர் அவருக்கு, மிஷின் உனக்கு. அவருக்கு பொடில சிக்கரி இருக்கும், உனக்கு இருக்காது, டப்பா மட்டும் மாறிடாம பாத்துக்கோ.

வாலாஜா_வயர்மேன்:

கரண்ட் பத்தி யாரும் சொல்லல. இந்த மிஷின் எல்லாம் 1000 வாட்லேர்ந்து 1400 வாட் வரைக்கும் இழுக்கும். 1300 வாட்னா 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 5.6 ஆம்ப்ஸ். 6 ஆம்ப் பிளக்ல ஓடும், ஆனா விளிம்புல ஓடும், அதே போர்டுல மிக்ஸியும் போட்டா சூடாயி பிளக் கருத்துப் போவும். 16 ஆம்ப் பாயிண்ட்ல போடு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணவே வேணாம். வூட்டு இன்வெர்ட்டர்ல போடாத, ஓவர்லோடுன்னு கத்தும். வெயில் காலத்துல சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு எறங்குனா ஹீட்டர் பவர் மூணுல ரெண்டு பங்கு தான் வரும், சூடு ஏற நேரம் ஆவும், அது மிஷின் கோளாறு கெடையாது. ரெடின்னு லைட்டு எரிஞ்சவுடனே ஷாட் போடாம இன்னும் கொஞ்ச நேரம் வுடு, பாஸ்கெட் வைக்கற கைப்புடியையும் மிஷின்லயே மாட்டி வச்சு சூடாக்கு.

குடியாத்தம்_கைராட்டை:

கரண்ட், சுண்ணாம்பு ரெண்டுமே வேணாம்னா கையால அழுத்தற லீவர் இருக்கு, ஃபிளேர் மாதிரி. இல்லன்னா வகாக்கோ பிக்கோபிரெஸோ, உள்ளங்கைல அடங்கிடும், 18 கிராம் போடலாம். கெட்டில்ல சுடுதண்ணி ஊத்தி அழுத்துனா நெசமான ஷாட்டு வரும், பத்தாயிரம் ரூபா மிஷின விட நல்லாவே வரும். ஆனா கிரைண்டர் இல்லாம தொடவே முடியாது, பால் நுரைக்க தனியா ஏதாவது வாங்கணும். காலைல பாதித் தூக்கத்துல அழுத்திக்கினு நிக்க பொறுமை வேணும்.

சத்துவாச்சாரி_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி 15 பார் மிஷின் ஒன்னு இந்த மாசம், தராசும் டிடிஎஸ் மீட்டரும் கூட. கிரைண்டர் தீபாவளி ஆஃபர்ல பாத்துக்கறேன். கைராட்டை ப்ரோ, லீவர் ஆசையா தான் இருக்கு, ஆனா கப்புசினோவுக்கு ஸ்டீம் வேணுமே. லாஸ்ட்டா ஒன்னு, நேரா கடைல வாங்கறதா ஆன்லைனா?

காட்பாடி_அக்கா:

எதுல வாங்குனாலும் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்த கம்பெனிக்கு போன் போட்டு, நம்ம பின்கோட சொல்லி, வீட்டுக்கு வந்து பாப்பாங்களா இல்ல சென்னைக்கு அனுப்பணுமான்னு கேளு. கேஸ்கெட்டும் பாஸ்கெட்டும் தனியா கெடைக்குமான்னும் கேளு, மொதல்ல தேயறது அந்த ரப்பர் கேஸ்கெட் தான். அட்டைப்பெட்டியும் தெர்மாக்கோலும் வாரண்டி முடியற வரைக்கும் பரண் மேல கெடக்கட்டும், பழைய பேப்பர்காரன் கேட்டான்னு போட்டுடாத, கூரியர்ல அனுப்ப வேண்டி வந்தா அது தான் வேணும்.