மேட்ச் பேச்சு மட்டும்தான் மிச்சம், இது நட்புதானா?

முத்தியால்பேட்டைக்காரன்:
வணக்கம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து பேர் நாங்கள். 2005 மே மாதம், பிளஸ் டூ முடித்த லீவில், ஒருத்தன் வீட்டு மொட்டை மாடிக்கு டிவியைத் தூக்கிக்கொண்டு போய், கேபிள் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து மாட்டி, இஸ்தான்புல்லில் நடந்த லிவர்பூல்-மிலன் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து பைனலைப் பார்த்தோம். பாதி ஆட்டத்தில் மிலன் 3-0. இரண்டு பேர் பாயை விரித்துப் படுத்தே விட்டார்கள். அப்புறம் லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு தலையால் ஒன்று போட்டார், ஆறே நிமிஷத்தில் மூன்று கோல், படுத்தவர்களை உதைத்து எழுப்பினோம். பெனால்டியில் மிலனின் ஷெவ்சென்கோ அடித்ததை எங்கள் கீப்பர் டூடெக் தடுத்ததும் நாங்கள் போட்ட கத்தலில் தெருவில் நாலு வீட்டு விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து ஐந்து பேரும் லிவர்பூல்.

இப்போது ஒருத்தன் பாரிஸ் பக்கம், ஒருத்தன் துபாய், ஒருத்தன் பெங்களூர், ஒருத்தன் சென்னை. நான் மட்டும் இங்கே புதுச்சேரியில். ஐந்து முகத்தையும் கடைசியாக ஒன்றாகப் பார்த்தது 2020 ஜூனில், முப்பது வருஷம் கழித்து லிவர்பூலுக்கு இங்கிலாந்து லீக் பட்டம் வந்த ராத்திரி. ஊரடங்கு நேரம். லிவர்பூலுக்கு அன்று மேட்ச்கூட இல்லை, செல்சீயிடம் மான்செஸ்டர் சிட்டி தோற்றதால் வந்த பட்டம், வீடியோ காலில் அழுதோம்.

விஷயம் இதுதான். குரூப்பில் மேட்ச் தவிர வேறு பேச்சே கிடையாது. சென்னைக்காரனின் அப்பாவுக்குப் போன மாதம் பைபாஸ் நடந்தது எனக்கு மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரியும். அதே வாரம் அவன் ஒரு ஆஃப்சைடு பற்றி இருபது மெசேஜ் போட்டிருக்கிறான். மனசு ஆறவில்லை. இதற்குப் பெயர் நட்பா?

கெடிலக்கரை:
தம்பி, நான் கடலூர். நாங்கள் நாலு பேர், சென்னை கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி ரசிகர்கள். நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் பஸ் ஏறிப் போய், நடுராத்திரி திரும்புவோம். 2015 வெள்ளம் எங்கள் ஊரை என்ன பண்ணியது என்று தெரியும் உங்களுக்கு. சென்னையிலும் வெள்ளம், அதனால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தையே புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 20 இந்தியன் சூப்பர் லீக் பைனல், கோவா அணியோடு, கோவாவிலேயே. என் வீட்டு டிவி தண்ணீரோடு போய்விட்டது, தண்ணீர் ஏறாத நண்பன் வீட்டில் உட்கார்ந்தோம். 87வது நிமிஷம் கோவா 2-1. முடிந்தது என்று எழுந்தேன், சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். கோவா கீப்பர் தன் வலைக்குள்ளேயே விட்டுக்கொண்ட ஓன் கோலில் 2-2, இஞ்சுரி டைமில் எங்கள் மெண்டோசா ஒன்று போட்டார், 3-2, கோப்பை!

மறுநாள் காலை மூன்று பேரும் மண்வெட்டியோடு என் வாசலில் நின்றார்கள். "எப்படி இருக்கே" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மத்தியானம் வரைக்கும் மெண்டோசா பேச்சு, பேசிக்கொண்டே வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டிவிட்டுப் போனார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஆஃப்சைடு பேச அவனுக்கு ஒரு இடம் இருந்ததே, அந்த இடம் நீங்கள் நாலு பேர்தான்.

உப்பளம் வாசி:
அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. ஒரே டீம் என்பதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. எங்களுடையது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் குடும்பம், தாத்தா பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கியவர், வீட்டில் எல்லோருக்கும் பிரான்ஸ்தான். என் நண்பன் அர்ஜென்டினா. 2022 உலகக் கோப்பை பைனல், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி, எங்கள் வீட்டுக் கூடம். 0-2இலிருந்து எம்பாப்பே இரண்டே நிமிஷத்தில் சமன் பண்ணினார், 3-3, கடைசியில் பெனால்டியில் போனது. மெஸ்ஸி கையில் கோப்பை, அவன் வாழ்நாள் ஆசை அது, ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஒரு சத்தம் போடவில்லை. வண்டியை எடுத்தான், பீச் ரோட்டில் காந்தி சிலை வரைக்கும் போனோம், ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தோம்.

அப்பாவுக்கு ஆபரேஷன் என்று தெரிந்த பிறகு நீங்கள் அவனுக்கு போன் போட்டீர்களா? அதை எழுதவே இல்லையே.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
பள்ளிக்கூட கால்பந்து டீமில் ஆடியவள் நான். இந்துமதி கதிரேசன் எங்கள் கடலூர்ப் பொண்ணு, அவர் இந்தியாவுக்கு ஆடும் மேட்ச் என்றால் பழைய டீம் மொத்தமும் போனில் கூடிவிடுவோம். எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு: பாதி நேரப் பதினைந்து நிமிஷம் வீடியோ காலில் மேட்ச் பேசக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் சண்டை, வேலை போனது, எல்லாம் அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் வரும். செய்து பாருங்கள் அண்ணா.

முத்தியால்பேட்டைக்காரன்:
உப்பளம் நண்பர் கேட்டது சுருக்கென்று இருந்தது. போடவில்லைதான். நேற்று போட்டேன். குரூப்பில் இரண்டு தடவை எழுதி எழுதி அழித்தானாம், "மேட்ச் ஓடிட்டு இருந்துச்சுடா, எப்படிச் சொல்றது" என்கிறான். அப்பா இப்போது வீட்டுக்குள் நடக்கிறார். சனிக்கிழமை காலை சென்னைக்கு பஸ் ஏறுகிறேன், ராத்திரி மேட்ச் அவர் கூடத்தான். அந்த மொட்டை மாடி அவர் வீட்டுடையது. விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் கத்தலில் எழுந்து வந்தவர், திட்டப் போகிறார் என்று நின்றோம், ஐந்து பேருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.