ஸ்பிளைசிங் பிழை (மரபணுவின் ஆர்என்ஏ நகலை வெட்டி ஒட்டுவதில் நேரும் தவறு): நேரில் எதிர்கொண்டவர்கள் எழுதுங்கள்

ஆய்வகவாசி
மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். புரோஜீரியா (குழந்தைப் பருவத்திலேயே முதுமை வரும் நோய்) என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு குழந்தையின் ரத்தம் வந்தது. எல்எம்என்ஏ மரபணுவின் 11-ஆம் எக்ஸானில் (வெட்டி ஒட்டிய பிறகும் ஆர்என்ஏ-வில் தங்கும் பகுதி), 1824-ஆம் இடத்தில் சி என்ற எழுத்து இருக்க வேண்டியது டி ஆகியிருந்தது. அந்த மூன்றெழுத்து ஜிஜிசி என்றாலும் ஜிஜிடி என்றாலும் குறிப்பது கிளைசின் என்ற அதே அமினோ அமிலத்தைத்தான். அமினோ அமிலத்தை மட்டும் பார்ப்பவர் தீங்கற்றது என்று ஓரங்கட்டிவிடுவார். ஆனால் அந்த ஓர் எழுத்து, எக்ஸானுக்குள்ளேயே ஒரு பொய்யான வெட்டுமுனையை எழுப்பிவிடுகிறது. வெட்டி ஒட்டும் செல் இயந்திரமான ஸ்பிளைசோசோம் அங்கே வெட்டுவதால் 150 எழுத்துகள் போய்விடுகின்றன. 50 அமினோ அமிலம் குறைந்த புரோஜெரின் என்ற புரதம் உருவாகி, உட்கருச் சவ்வில் ஒட்டிக்கொண்டு அகல மறுக்கிறது. இந்தக் காரணம் 2003-இல்தான் தெரியவந்தது. சிகிச்சை இல்லையென்றால் சராசரி ஆயுள் பதினான்கரை ஆண்டுகள் என்பது எனக்குத் தெரியும். அன்று அறிக்கையில் கையெழுத்திடக் கை எழவில்லை.

ஆரோக்கியமானவர்களின் செல்களிலும் புரோஜெரின் மிகச் சிறிதளவு உண்டு. இதை வைத்துக்கொண்டு முதுமையின் ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று முழங்குபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது இருக்கிறது என்பது வேறு, அதுதான் காரணம் என்பது வேறு.

மூத்தமகள்
எங்கள் அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ரத்தசோகை வந்தது. இரும்புச்சத்து மாத்திரைகள் பயன்படவில்லை. எலும்பு மஜ்ஜையைச் சோதித்தபோது, இரும்பு நிறையவே இருந்தது. ஹீமோகுளோபினில் சேராமல், முன்னோடிச் செல்களின் உட்கருவைச் சுற்றி வளையமாகத் தேங்கிக் கிடந்தது. மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய், அதாவது மஜ்ஜை ரத்தச் செல்களைச் சரியாக உருவாக்காத நோய் என்றார்கள். ஸ்பிளைசோசோமின் ஒரு பாகத்தைத் தரும் எஸ்எஃப்3பி1 மரபணுவில் சடுதிமாற்றம். ஆய்வகவாசி சொன்னதில் வெட்டப்படும் இடம் கெட்டிருந்தது; இங்கே வெட்டுகிற கத்தரியே கெட்டிருக்கிறது. அதனால் ஒன்றல்ல, பல மரபணுக்களின் ஆர்என்ஏ தவறாக ஒட்டப்படுகிறது.

தம்பி முதலில் கேட்டது, "நமக்கும் வருமா அக்கா?" என்றுதான். பிறவியிலேயே வந்ததல்ல, வயதாகும்போது மஜ்ஜையின் ஒரு மூலச்செல்லில் புதிதாக ஏற்பட்டது என்று மருத்துவர் விளக்கிய பிறகே அவன் தூங்கினான். இந்த நோய்வகையில் எஸ்எஃப்3பி1 உள்ளவர்களின் நிலை ஒப்பீட்டளவில் மேலானது என்றும் சொன்னார். அப்பா இப்போது அவ்வப்போது ரத்தம் ஏற்றிக்கொண்டு நடமாடுகிறார், எங்களைத் திட்டவும் செய்கிறார்.

கவின்அம்மா
என் மகனுக்கு முதுகுத்தண்டுத் தசைநலிவு. தசைகளை இயக்கும் நரம்புகளுக்குத் தேவையான புரதத்தைத் தரும் எஸ்எம்என்1 மரபணு இல்லை. அதன் இரட்டையான எஸ்எம்என்2 இருந்தும், ஓர் எழுத்து வேறுபாட்டால் 7-ஆம் எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன் என்ற மருந்து, அந்த எக்ஸானை விலக்கச் சொல்லும் பகுதியை மூடிவிடுகிறது. தண்டுவட நீரில் ஊசி போடும் நாளெல்லாம் எனக்குத்தான் காய்ச்சல் வரும். பிள்ளை உட்காருகிறான், நடப்பானா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

ஆய்வகவாசி, ஒன்று கேட்க வேண்டும். 'அமினோ அமிலம் மாறவில்லை' என்று அறிக்கை வந்தால் பெற்றோர் அத்துடன் விட்டுவிடலாமா?

ஆய்வகவாசி
பெரும்பாலும் விடலாம், அம்மா. நோயின் அறிகுறிகள் அந்த மரபணுவையே சுட்டினால் மட்டும், ஆர்என்ஏ-வைச் சோதிக்க முடியுமா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். அந்த மரபணு ரத்தத்தில் செயல்படாவிட்டால் தோலிலிருந்து செல் எடுக்க வேண்டிவரும்.