கடன் தீர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் பயம் தீரவில்லை: பணத்தைப் பற்றிய மனநிலையை எப்படி மாற்றிக்கொள்வது?

கேள்வி: தறிவீட்டுப் பிள்ளை

எனக்கு வயது 41. குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் பிடித்தம் போக மாதம் 82,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். கடன் எதுவும் இல்லை. சேமிப்புக் கணக்கில் 9,40,000 ரூபாய் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்து வேறு எதிலும் போடத் துணிவு வரவில்லை.

சிறு வயதில் எங்கள் வீட்டில் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒரு பக்கம், வார வட்டிக் கடன் ஒரு பக்கம் என்று இருந்தது. 1,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு 850 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். வாரம் 100 ரூபாய் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். சனிக்கிழமை கூலி வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்து முனையில் வட்டிக்காரருடைய டி.வி.எஸ். 50 வண்டியின் சத்தம் கேட்டதுமே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். "அப்பா இல்லை" என்று சொல்வதற்காக நான் வாசலில் நிற்பேன்.

இன்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை செல்பேசியில் கணக்கின் இருப்பைப் பார்க்கிறேன். அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் உறவினர் யாராவது கடன் நெருக்கடி என்று அழைத்தால், ஒரு கேள்வியும் கேட்காமல் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று அனுப்பிவிடுகிறேன். திருப்பிக் கேட்கவும் எனக்கு வாய் வருவதில்லை.

சென்ற மாதம் நான்காம் வகுப்புப் படிக்கும் மகளின் பையைத் துவைக்க எடுத்தபோது, சுற்றுலாவுக்கு 1,200 ரூபாய் கட்டச் சொல்லிப் பள்ளியில் கொடுத்த தாள் நான்காக மடிக்கப்பட்டு அடியில் கிடந்தது. கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கேட்டதற்கு, "நம்மகிட்டப் பணம் இருக்காதுன்னு நினைச்சேன்ப்பா" என்றாள். என் பயம் அவளுக்கும் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. இதே நிலையிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கிக்காரன்

தம்பி, முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பணம் போடவோ எடுக்கவோ இல்லாமல், பாஸ்புத்தகத்தில் வரவு பதிவதற்கென்றே தினமும் வந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் வசதி இல்லாதவர்கள் அல்லர்.

முதலில் உங்கள் அப்பாவின் கடனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் வந்தது 850, கட்டியது 1,000, அதுவும் வாரந்தோறும் அசல் குறைந்துகொண்டே வரும் கடன். ஆண்டுக்கு என்று கணக்கிட்டால் அந்த வட்டி 150 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த வட்டிக்கு மாட்டிக்கொண்டு சிக்கனத்தால் மட்டும் மீண்டு வந்த கூலித் தொழிலாளியை நான் கண்டதில்லை. இத்தகைய வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே, செலவு செய்ததால்தான் உங்கள் குடும்பம் கெட்டது என்று மனத்தின் ஒரு மூலையில் நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், அது கணக்குப்படியே தவறு.

அடுத்து இன்றைய கணக்கு. பாதுகாப்பு என்று நினைத்து 9,40,000 ரூபாயையும் ஒரே வங்கியில் வைத்திருக்கிறீர்கள். வங்கி மூழ்கினால் நம் பணத்துக்குக் கிடைக்கும் வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான்; 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாக இருந்தது. உங்கள் வங்கி திவாலாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பயந்து பயந்து நீங்கள் எடுத்த முடிவு, பயத்தின் அளவுகோலிலேயே சரியாக இல்லை என்கிறேன். மேலும், பெரிய வங்கிகள் பலவற்றில் சேமிப்புக் கணக்குக்கு 2.5 சதவீத வட்டிதான் கிடைக்கிறது. ஓராண்டு வைப்பில் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். அது எத்தனை ஜோடி செருப்பு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயத்துக்கு ஓர் எண் வேண்டும். மாதச் செலவை எழுதி அதை ஆறால் பெருக்குங்கள். அந்தத் தொகையை வேறொரு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, மனைவியை நாமினியாகப் பதிவு செய்யுங்கள். வட்டிக்காரரை வெளியே நிறுத்தும் உங்கள் வீட்டு வாசற்கதவு அதுதான். மீதியை அந்தக் கதவாக நினைக்காதீர்கள்.

பதில்: அஞ்சறைப்பெட்டி

ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கணக்கு சரியாகிவிட்டால் மனமும் சரியாகிவிடும் என்பதை ஏற்க முடியவில்லை.

எங்கள் அம்மா ஜிமிக்கியின் அடகுச் சீட்டை அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் வைத்திருப்பார். கொஞ்சம் பணம் சேர்ந்தால் மீட்டுவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் எண்ணுவார். சேர்ந்த பணத்தை மாமாவோ சித்தப்பாவோ வந்து வாங்கிப் போய்விடுவார்கள். தங்கும் பணம் பறிபோகும் என்பதுதான் அதிலிருந்து நான் கற்ற பாடம். அதனால் நான் உங்களுக்கு நேர் எதிராக வளர்ந்தேன், அண்ணா. சம்பளம் வந்த ஐந்தாம் தேதிக்குள் புடவை, பாத்திரம், தவணை என்று எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால்தான் எனக்கு நிம்மதியாக இருக்கும். யாரும் கேட்டால் "இல்லை" என்று உண்மையாகவே சொல்லலாம் அல்லவா! நீங்கள் பூட்டி வைக்கிறீர்கள், நான் வாரி இறைத்தேன். இரண்டு பேருமே வாசலில் யாரோ நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் செய்தோம்.

உறவினருக்கு அனுப்புவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்புவது அவருக்கு அல்ல, வாசலில் நின்ற அந்தப் பையனுக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். அதற்குள் கொடுப்பது திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு, கொடுக்கும்போதே "இது கடன் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தொகை தீர்ந்துவிட்டால், இந்த ஆண்டு முடியாது என்று சொல்லிவிடலாம்; எனக்கு அது நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது.

மகளுக்கு அறிவுரை வேண்டாம்; எண்களைக் காட்டுங்கள். நானும் என் கணவரும் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரவு செலவு நோட்டை மகன் எதிரில் வைத்து எழுதுகிறோம். முதல் முறை அவன் கேட்டது, "கேஸ் சிலிண்டருக்கு இவ்வளவா?" என்பதுதான்.

பதில்: பொருளியல் வாத்தியார்

கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இந்த விவாதத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஆய்வு நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய அந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கரும்புக்காரருக்கு அறுவடைக்கு முன்பு கை வறண்டிருக்கும். அடகும் கடனும் கூடும். அறுவடை முடிந்து ஆலைப் பணம் வந்ததும் நெருக்கடி தளரும். ஒரே ஆளுக்கு இரண்டு காலத்திலும் சிந்தனைத் தேர்வு வைத்துப் பார்த்ததில், அறுவடைக்குப் பின் தெளிவாகவே நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள்தான். பணக் கவலைதான் அறிவின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது என்பது அவர்கள் எடுத்த முடிவு. அதை எவ்வளவு தூரம் பொதுமைப்படுத்தலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு.

உங்கள் சிக்கல் அதிலிருந்து சற்று வேறானது. உங்களுக்கு அறுவடை முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. மனம் மட்டும் இன்னும் அறுவடைக்கு முந்தைய மாதத்திலேயே இருக்கிறது. இருப்பைப் பார்ப்பதை ஒரே நாளில் விட முயலாதீர்கள். ஒரு வாரம் எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள், எந்த வேளையில் என்பதையும் சேர்த்து. தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசகருடன் பேசலாம்.

கேட்டவர்: தறிவீட்டுப் பிள்ளை

மூவருக்கும் நன்றி. ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன்: 43 முறை. அதில் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை காலையில்! நானே எதிர்பார்க்கவில்லை.

மாதச் செலவு 38,000 ரூபாய் வருகிறது. ஆறு மாதத்துக்கு 2,28,000. வேறு வங்கியில் போடுவதற்குப் படிவம் வாங்கி வந்துவிட்டேன். செருப்பு இன்னும் வாங்கவில்லை. மகளை எதிரில் உட்கார வைத்து நோட்டை எழுதினோம். ஒன்பது லட்சம் என்பதை எண்ணால் எழுதச் சொன்னபோது ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டாள். திருத்தியதும் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுற்றுலா போனது போனதுதான்.

ஐயாவிடம் ஒரு சந்தேகம்: ஜூன் மாதம் மட்டும் வரும் பள்ளிக் கட்டணம் 46,000 ரூபாயை இந்த ஆறு மாதக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற வங்கிக்காரன்

கட்டாயம் சேர்க்க வேண்டும், தம்பி. எந்த ஆறு மாதம் சிக்கலாகும் என்று நமக்குத் தெரியாது. அதில் ஜூனும் வரலாம். 2,74,000 ஆகிறது, 2,75,000 ஆகவே போட்டுவிடுங்கள். ஒரே ரசீதாகப் போடாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் வட்டி குறையாது.