பெரிய கட்டட ஏ.சி. வேலை வந்திருக்கிறது, எடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். 11 வருடம் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தேன். தனியாக வந்து நான்கு வருடம் ஆகிறது. ஏ.சி., ஹீட் பம்ப் (குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் மெஷின்) இரண்டும் செய்கிறோம். என்னையும் சேர்த்து ஆறு பேர், இரண்டு வேன். சீசனில் போனைக் கீழே வைக்க முடியவில்லை. சீசன் முடிந்தால் சம்பளம் கொடுக்கக் கையிருப்பைத் தொட வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு கட்டுமான நிறுவனம் 84 ஸ்ப்ளிட் யூனிட் மாட்டும் வேலைக்குக் கூப்பிடுகிறது. பொருளும் நாங்களே வாங்க வேண்டும். பில் போட்டு 60 நாளில் பணம். 10 சதவீதத்தை ஒரு வருடம் பிடித்து வைப்பார்களாம். எனக்கு எடுக்க ஆசை. கணக்கு பார்க்கும் என் மனைவி வேண்டாம் என்கிறார். இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
உங்களுக்கு இதில் 12 சதவீதம் லாபம் நிற்கும் என்று வையுங்கள். அதில் 10 அவர்களிடமே ஒரு வருடம் இருக்கும். 84 யூனிட்டுக்கும் காப்பர் பைப்புக்கும் முன்பணம் யார் போடுவது? அதை முதலில் பாருங்கள்.

பதில் 2:
தம்பி, உங்கள் வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள். நான் இந்தத் தொழிலில் 22 வருடமாக இருக்கிறேன். ஏழாவது வருடத்தில் இதே மாதிரி ஒரு வேலையை எடுத்தேன். பணம் தாமதமானதைச் சமாளித்துவிட்டேன். என்னை உலுக்கியது வேறு.

வேலையை முடிக்க அவசரமாக ஐந்து புது ஆட்களைச் சேர்த்தேன். நைட்ரஜன் அடித்து லீக் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். வேக்கம் போடுவதை, அதாவது பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பதை, மைக்ரான் மீட்டரில் (வெற்றிடத்தை அளக்கும் கருவி) பார்க்காமல், பம்ப் பத்து நிமிடம் ஓடினால் போதும் என்று விட்டார்கள். பைப்பில் நின்ற ஈரம் கம்ப்ரெசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். அது உடனே தெரியாது. அடுத்த வெயிலில்தான் ஒவ்வொன்றாகப் போன் வந்தது. ஃப்ளேரில் (பைப் இணைப்பில்) லீக், கேஸ் இல்லை, கம்ப்ரெசர் போச்சு. அதைச் சரிசெய்ய ஓடிய இரண்டு மாதமும் என் பழைய வாடிக்கையாளர் வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. நான்கு வருடம் என்னை நம்பிக் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இன்று நினைத்தாலும் அதுதான் வலிக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். முடித்த வேலைக்கு 30 நாளில் மறுபடி போக வேண்டி வந்தால் எழுத வேண்டும்: யார் செய்த வேலை, என்ன காரணம். அந்த எண்ணிக்கை குறையாமல் புது வேன் வாங்கவில்லை.

சீசன் இல்லாத மாதங்களுக்கு ஏ.எம்.சி.தான் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வழி. மாட்டிய ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கே கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறோம் என்று சொல்லுங்கள், ஆனால் தேதியை நீங்கள் வையுங்கள். கூலிங் சைடைக் கோடைக்கு முன்பும், ஹீட்டிங் சைடைக் குளிருக்கு முன்பும் பாருங்கள். காயில் கழுவுவது, டிரெயின் அடைப்பு, கெபாசிட்டர் அளவு பார்ப்பது எல்லாம் ஆட்கள் சும்மா இருக்கும் மாதத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று. அறையைப் பார்த்துக் குத்துமதிப்பாக டன் சொல்லாதீர்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., ஏறக்குறைய 3.5 கிலோவாட். ஜன்னல், மேல்கூரை, ஆள் எண்ணிக்கை பார்த்துக் கணக்குப் போடுங்கள். தேவைக்கு மேல் பெரிய மெஷின் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்காது. குளிர்கிறது ஆனால் பிசுபிசுக்கிறது என்று புகார் வரும். அந்தப் புகாரும் நோட்டில்தான் ஏறும்.

பதில் 3:
நான் சர்வீஸ் டெக்னீஷியன். ஆட்களைக் கூட்டுவதற்கு முன் கேஸ் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். ஆர்-22 என்ற பழைய ஏ.சி. கேஸ் காலத்துப் பழக்கத்தோடு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ கேஸின் அழுத்தம் அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பழைய கேஜும் ஹோஸும் தாங்காது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. உள்ளே கேஸ் இருக்கும்போது பைப்பைப் பற்றவைக்கும் நெருப்பு டார்ச்சை வைக்கவே கூடாது. 2016 கிகாலி ஒப்பந்தத்துக்குப் பிறகு புவி வெப்பமாக்கும் திறன் குறைந்த கேஸ்களுக்குத்தான் தொழில் நகர்கிறது. கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால் அந்தத் திறன் ஆர்-410ஏவுக்கு 2088, ஆர்-32க்கு 675. இதைக் கற்ற ஆளுக்குச் சம்பளம் கூடுதலாகக் கொடுங்கள், நிலைத்து நிற்பார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். நேற்று இரவு நானும் மனைவியும் உட்கார்ந்து பழைய பில்களை எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதத்தில் 212 வேலை, மறுபடி போனது 31. அதில் 19 தண்ணீர் ஒழுகல், டிரெயின் பைப் சரிவு சரியில்லாதது. பெரும்பாலும் ஒரே இரண்டு ஆட்கள் மாட்டியவை. அவர்களைக் குறை சொல்ல மனமில்லை, நான் அவர்கள் கூடவே நின்று சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நிறுவனத்திடம் 20 யூனிட் மட்டும், பொருள் அவர்களுடையது, கூலி எங்களுடையது என்று கேட்கப் போகிறேன். சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுவேன். அண்ணா, உங்கள் ஆட்கள் ஒவ்வொரு இன்ஸ்டலேஷனிலும் என்னென்ன எழுதுகிறார்கள்?

பதில் 2:
நல்லது தம்பி. நைட்ரஜன் அழுத்தம் எவ்வளவு, எத்தனை நேரம் நின்றது. வேக்கம் 500 மைக்ரானுக்குக் கீழே போனதா, வால்வை மூடியபின் பத்து நிமிடத்தில் எவ்வளவு ஏறியது. பைப் நீளம், கூடுதலாகப் போட்ட கேஸின் எடை. டிரெயினில் ஒரு குடுவைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாரா. இன்டோர் யூனிட்டுக்குள் போகும் காற்று, வெளியே வரும் காற்று, இரண்டின் வெப்பநிலை. கீழே மாட்டியவர் கையெழுத்து. முதல் மாதம் எல்லாத் தாளையும் நீங்களே படியுங்கள்.