அம்மாவின் பிப் ரிப்போர்ட்டை முடிவு வரும் முன்னே வாங்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு இரண்டு கிழமைக்கு முன் போனில் பிப் (நோய், இயலாமை உள்ளவர்களுக்கு பிரிட்டன் அரசு கொடுக்கும் உதவித்தொகை) அசெஸ்மென்ட் நடந்தது, பக்கத்தில் இருந்து நான்தான் மொழிபெயர்த்தேன். சமைப்பீர்களா என்றதற்கு வழக்கம்போல "ஓம், எல்லாம் செய்வேன்" என்றுவிட்டார், சட்டியைத் தூக்கி இறக்குவது நான் என்பதைச் சொல்லவே இல்லை. அதை எப்படி எழுதி வைத்திருக்கிறார்களோ என்று நித்திரை வரவில்லை. அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கலாமா?

பதில்:
வாங்கலாம், காசு இல்லை. ஆனால் அசெஸ்மென்ட் செய்த கம்பெனிக்குப் போன் எடுக்காதீர்கள். பிப்பைக் கொடுக்கும் அரசுத் துறையான டிடபிள்யூபியின் பிப் லைனுக்கு எடுத்து "பிஏ4 ரிப்போர்ட் கொப்பி வேண்டும்" என்று கேளுங்கள், அசெஸ்ஸர் எழுதும் ரிப்போர்ட்டின் பெயர் அதுதான். உங்களோடு கதைக்கச் சம்மதம் என்று அம்மா தன் வாயால் சொல்ல வேண்டும், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் கையில் இருக்கட்டும். ரிப்போர்ட் இன்னும் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று அவர்கள் சொன்னால் ஒரு கிழமை கழித்துத் திரும்ப எடுங்கள். அசெஸ்ஸர் எழுதுவது பரிந்துரைதான், முடிவெடுப்பது டிடபிள்யூபி, அதனால் சட்டிக் கதையை இப்போதே கடிதமாக அனுப்பலாம்.

பதில்:
என் ரிப்போர்ட் வந்தபோது இருந்த கோபத்தில், அசெஸ்ஸர் அவசரப்பட்டார், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று நாலு பக்கம் எழுதினேன். ஒரு பாயிண்டும் கூடவில்லை. அப்புறம்தான் விளங்கியது: நாளாந்த வாழ்க்கைக்கு 10, நடமாட்டத்துக்கு 2 என்று மொத்தம் 12 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் இந்தப் பாயிண்டை ஏன் தெரிவு செய்தேன் என்று அசெஸ்ஸர் காரணம் எழுதியிருப்பார், பிழை அந்தக் காரணத்தில்தான் இருக்கும். எனக்குக் குளிப்பதற்குப் பூச்சியம், காரணம் கார் ஓட்டுகிறேனாம். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைப்பதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் அம்மாவுக்கும் "சமைப்பாரா" என்பதோடு கதை முடியாது, பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படும் ஒவ்வொரு முறையும், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். சாதாரணச் சாப்பாடு ஒன்றைச் செய்யவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டும் என்றால் அதற்கே 4 பாயிண்ட், நாளாந்த வாழ்க்கைச் செயல்களில் மொத்தம் 8 வந்தால் ஸ்டாண்டர்ட் ரேட், அதாவது இரண்டு தொகைகளில் குறைந்தது.

பதில்:
தம்பி, ஒன்று மட்டும். மறுத்து லெட்டர் வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி டிடபிள்யூபியிடம் கேட்கும் மாண்டேட்டரி ரீகன்சிடரேஷனுக்கு 1 மாதம்தான், அதுவும் லெட்டரில் உள்ள திகதியிலிருந்து. முதலில் கேட்டு வையுங்கள், விவரம் பின்னால் அனுப்பலாம்.

கேட்டவர்:
நன்றி, இன்று எடுத்தோம், தபாலில் அனுப்புகிறார்களாம். சம்மதமா என்று கேட்டதற்கும் அம்மா "ஓம், எல்லாம் நானே செய்வேன்" என்றார். நல்லகாலம், அதை நான் மொழிபெயர்க்கவில்லை.