வேலூர்ப் புரட்சிக்குத் தாடி காரணமா? அப்படியென்றால் வெள்ளைக்காரர் மீசை?

கொணவட்டத்தான் கேட்டது:
மகள் எட்டாவது படிக்கிறாள். 1806 வேலூர்ப் புரட்சி பாடத்தை நேற்று சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சிப்பாய்கள் நெற்றியில் குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒழுங்காகக் கத்தரிக்க வேண்டும் என்று உத்தரவாம். "உங்களுக்கும் இதே ரூல்தானேப்பா" என்று சிரித்தாள். நான் ஒரு ஓட்டலில் செக்யூரிட்டி. போன மாதம் தாடையெல்லாம் கொப்புளம் வந்ததால் இரண்டு நாள் ஷேவ் செய்யவில்லை. அரைநாள் சம்பளம் போனது. அதை அவளிடம் சொல்லவில்லை.

என் சந்தேகம் இதுதான். பழைய போட்டோக்களில் வெள்ளைக்கார ராணுவத்தார் எல்லாரும் கொம்பு மாதிரி மீசை வைத்திருக்கிறார்களே. நம்மாள் மீசையில் கைவைத்தவர்கள் தாங்கள் மட்டும் எப்படி வளர்த்தார்கள்?

சத்துவாச்சாரி ரவி:
தாடியெல்லாம் சும்மா. தொப்பிதான் காரணம். புதுத் தலைப்பாகையில் தோல் வைத்திருந்தார்கள். பசுத்தோல் என்று ஒருவன், பன்றித்தோல் என்று ஒருவன். முடிந்தது கதை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
ரவி தம்பி, பாதி சரி. மே மாதம் அந்தத் தலைப்பாகையைப் போட மறுத்தவர்களில் இரண்டு பேருக்கு, ஒரு இந்து, ஒரு முஸ்லிம், கசையடி கொடுத்து வேலையை விட்டே அனுப்பினார்கள். அதைப் போட்டால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் முகத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். நான் 22 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். தொப்பியை டூட்டி முடிந்ததும் ஆணியில் மாட்டிவிடலாம். மழித்த தாடியோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளிவாசலுக்கும் போக வேண்டும்.

சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் காலத்து விதி அது. அணிவகுப்பிலும் எல்லாக் கடமைகளிலும் முகவாய் சுத்தமாக மழிக்கப்பட்டிருக்க வேண்டும்; மேலுதட்டு மயிரின் அளவும் வடிவமும் இயன்றவரை ஒரே சீராக இருக்க வேண்டும். இவ்வளவுதான் வாசகம். கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 10 விடியுமுன் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். அப்புறம் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் ஊருக்குத் திருப்பி அழைத்தார்கள்.

இப்போது கொணவட்டத்துத் தம்பியின் கேள்வி. நீங்கள் பார்த்த போட்டோக்கள் எல்லாம் பிந்திய காலத்தவை. 1806-இல் போட்டோ ஏது? அப்போது வெள்ளைக்காரக் காலாட்படையினர் பொதுவாக மீசையே வைப்பதில்லை, கிருதாவோடு சரி. தங்கள் முகம் எப்படியோ அப்படியே சிப்பாயின் முகமும் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஐம்பது வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 1854-இல் கம்பெனியின் பம்பாய்ப் படையில் இருந்த ஐரோப்பியர்களுக்கு மீசை கட்டாயமானது. மீசையில்லாதவனை இந்த ஊரில் ஆம்பிளையாக மதிப்பதில்லை என்று கண்டுகொண்டார்கள் என்பார்கள். அதே சமயம் கிரிமியப் போருக்குப் போனவர்கள் குளிரில் தாடியோடு ஊர் திரும்பினார்கள். பிறகு பிரிட்டிஷ் ராணுவம் முழுவதற்குமே விதி வந்தது: முகவாயை மழி, மேலுதட்டைத் தொடாதே. மீசையை எடுத்தால் தண்டனை!

அந்த விதி 1916 அக்டோபர் வரை இருந்தது. ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்ட ஜெனரல் மக்ரெடிக்குத் தன் மீசையே பிடிக்காது. அன்று மாலையே முடிதிருத்தும் கடைக்குப் போய் எடுத்துவிட்டார்.

எங்கள் யூனிட்டில் சீக்கியர்களைத் தவிர எல்லாருக்கும் தினம் ஷேவிங். மைனஸ் குளிரில், மக்கில் கொஞ்சம் வெந்நீர் வைத்துக்கொண்டு. கொப்புளம் வந்தால் டாக்டரிடம் சீட்டு வாங்குவோம். நீங்களும் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், தம்பி.

கொணவட்டத்தான்:
நன்றி ஐயா. மகளிடம் 1854, 1916 இரண்டையும் சொன்னேன். "பரீட்சைக்கு வராதுப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மக்கான் பக்கத்து நினைவுத்தூணுக்குக் கூட்டிப்போகிறேன்.

சலூன்காரர் மகன்:
அப்பா காலத்திலிருந்து காட்பாடியில் கடை. ஹவில்தார் ஐயா சொன்னதில் "ஒரே சீராக" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு பேருக்கு ஒரே மீசை வைக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது. ஒருவருக்கு உதட்டு நடுவில் முடியே முளைக்காது. ஒருவருக்கு இடது பக்கம் சுழி. இன்னொருவருக்கு எவ்வளவு கத்தரித்தாலும் மாலைக்குள் எழுந்து நிற்கும். "இயன்றவரை" என்று சேர்க்கச் சொன்னது கட்டாயம் ஒரு நாவிதராகத்தான் இருக்கும்.

கொப்புளத்துக்கு: எதிர்ப்பக்கமாக வழிக்காதீர்கள் அண்ணே, முடி வளரும் போக்கிலேயே ஒரே தரம் போதும். முதலில் வெந்நீர்த் துணியை இரண்டு நிமிஷம் வையுங்கள். முடித்ததும் படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், எரியும். பிளேடை நாலு ஷேவுக்கு மேல் இழுக்காதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் கடைக்கு வாங்க, டிரிம்மரில் ஒட்ட எடுத்துவிடுகிறேன். சூப்பர்வைசர் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.